சுவரில் ஒரு காடு



செப்டம்பர் முதல் தேதி தொடங்கி அக்டோபர் 4, அசிசி நகர் புனித பிரான்சிஸ் திருநாள் வரையுள்ள நாள்களைப் 'படைப்பின் காலம்' என்று கடைப்பிடிக்கிறோம். இந்த நாள்களில் மரம் நடுவது, தண்ணீரைச் சேமிப்பது, பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது என்று மறையுரைகளில் பேசுவது வழக்கம். இன்று நான் ஒரு படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். வானொலியில் படத்தைக் காட்ட முடியாது. அதனால் ஒரு சின்ன உதவி கேட்கிறேன். வண்டி ஓட்டிக்கொண்டோ, அடுப்படியில் நின்றுகொண்டோ கேட்பவர்களை விட்டுவிடுகிறேன். மற்றவர்கள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

முதலில் நற்செய்தி. மாற்கு 8-ஆம் அதிகாரத்தில் பெத்சாய்தா ஊரில் நடந்த ஒரு புதுமை வருகிறது. பார்வையற்ற ஒருவரை இயேசுவிடம் கூட்டிவருகிறார்கள். ஆண்டவர் அவருடைய கையைப் பிடித்து ஊருக்கு வெளியே நடத்திப் போகிறார். கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அந்த மனிதருக்கு ஆட்கள் நடமாடுவது தெரிகிறது. ஆனால் மரங்களைப் போலத் தெரிகிறார்கள். ஆண்டவர் மறுபடியும் அவருடைய கண்களின் மேல் கைகளை வைக்கிறார். அப்போதுதான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நற்செய்தி நூல்களில் ஆண்டவர் இப்படி இரண்டு தடவையாகக் குணமாக்கிய புதுமை இது ஒன்றுதான். ஏன் இரண்டு தடவை? முதல் தடவையே அவரால் முடியாதா? குருமடத்தில் படித்த நாளிலிருந்து இந்தக் கேள்வி எனக்கு உண்டு. அதற்கு விடையை எனக்குக் காட்டியவர் ஒரு பூட்டுத் தொழிலாளி.

நம் திண்டுக்கல் நகரில், ஒரு சந்துக்குள், இரண்டு அறை உள்ள ஒரு வீடு. பட்டறையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அரம் பிடித்து, பித்தளையையும் இரும்பையும் ராவி ராவிப் பூட்டுச் செய்தவர் அந்தப் பெரியவர். நுரையீரல் நோயில் படுத்துவிட்டார். மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது அவர் வீட்டுக்கும் போவேன். அவருடைய கட்டில் உள்ளறையில் இருந்தது. எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு படம். நம் ஊரில் 'சீனரி' என்று சொல்வோமே, அந்த மாதிரி ஒரு காட்டுப் படம். பிரேம் கடையில் விலைக்கு வாங்கிய அச்சுப் படம்தான். திரு இருதய ஆண்டவர் படம் முன்னறையில், நிலைக்கு மேலே இருந்தது.

ஒரு தடவை போனபோது நான் சொன்னேன்: "இந்தக் காட்டுப் படத்தை எடுத்துட்டு, அந்த இடத்துல திரு இருதயப் படத்த மாட்டிடலாமே. படுத்துக்கிட்டே பார்த்துச் செபிக்க வசதியா இருக்கும்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவருடைய மனைவி உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறப் போனார். பெரியவர் கையைத் தூக்கித் தடுத்தார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "வேணாம் சாமி. நீங்க நின்னுக்கிட்டுப் பாக்குறீங்க. இங்க வந்து உக்காந்து பாருங்க."

அவருடைய தலைமாட்டுப் பக்கம் உட்கார்ந்தேன். பிறகு அவர் கேட்டுக்கொண்டபடி, அவருடைய தலையணை உயரத்துக்குத் தலையைத் தாழ்த்திப் பார்த்தேன். நின்று பார்த்தபோது கண்ணாடியில் டியூப் லைட் பளபளத்தது. ஏதோ கறுப்பாக ஒரு காடு, அவ்வளவுதான் தெரிந்தது. தாழ்ந்து பார்த்தபோது படம் முழுதாகத் தெரிந்தது.

அதைச் சொல்கிறேன், கேளுங்கள். படத்தின் கீழ்ப்பகுதி முழுவதும் நிழல். சருகு, ஒரு பாறை, வேர்கள். இடது பக்கம் இரண்டு பெரிய அடிமரங்கள், வலது பக்கம் ஒன்று. மூன்றும் ஏறக்குறைய கறுப்பு. வானம் கிடையாது, மேலே முழுவதும் இலைக் கூட்டம். மனிதர் யாரும் இல்லை, பறவைகூட இல்லை. இடது கீழ் மூலையிலிருந்து ஒரு ஒற்றையடிப் பாதை புறப்படுகிறது. அது மெல்ல மேலேறி, வலது பக்கத்து மரத்தைச் சுற்றித் திரும்பி மறைந்துவிடுகிறது. அது மறைகிற இடத்தில் ஒரு வெளிச்சம். மஞ்சளும் வெள்ளையும் கலந்த, விடியற்கால மூடுபனி வெளிச்சம். கட்டிலில் படுத்திருப்பவருக்கு, அந்தப் பாதை அவருடைய கால்மாட்டிலிருந்தே தொடங்குவது போல இருந்தது.

பெரியவர் சொன்னார்: "அந்த வெளிச்சம் சாவி ஓட்ட அளவுதான் இருக்கு சாமி. ஆனா வீடு முழுக்க அந்தப் பக்கந்தான இருக்கு?"

பூட்டுச் செய்தவர் சொல்லக்கூடிய வார்த்தை அது. அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை. படம் அந்த இடத்திலேயே இருந்தது.

அன்புக்குரியவர்களே, ஒரு காட்டுப் படத்தைப் பார்த்தால் மனம் ஏன் அமைதியாகிறது? இன்னொரு காட்டுப் படத்தைப் பார்த்தால் ஏன் பயம் வருகிறது? அதற்குக் காரணம் மரங்கள் மட்டும் இல்லை. ஓவியர் நம்மை எங்கே நிற்க வைக்கிறார், வெளிச்சத்தை எங்கே வைக்கிறார், மனிதரை எவ்வளவு பெரிதாக வைக்கிறார் என்ற மூன்று காரியங்களில்தான் படத்தின் உணர்வு இருக்கிறது. இந்த மூன்றையும் நம் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்ப்போம்.

முதலாவது, நாம் எங்கே நிற்கிறோம். இதற்கு நம் ஊர்ச் செய்தி ஒன்றே இருக்கிறது. 1792-ஆம் ஆண்டு, மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போன ஆண்டு. அந்த ஆண்டில் தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும், அவருடைய சகோதரரின் மகன் வில்லியம் டேனியலும் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தெற்கே கன்னியாகுமரி வரை பயணம் செய்தார்கள். கோட்டைகள், மலைகள், கோயில்கள், பாபநாசம் அருவி என்று வழியெல்லாம் வரைந்தார்கள். இங்கிலாந்து திரும்பிய பிறகு 1795-லிருந்து 1808-க்குள் 144 படங்களை ஆறு தொகுதிகளாக அச்சிட்டார்கள். அவற்றில் ஒன்றுக்கு அவர்கள் கொடுத்த பெயர், திண்டுக்கல் சீமையில் ஆத்தூருக்கு அருகே என்பது. ஆம், நம் ஆத்தூர்தான்.

அந்தக் காலத்து நிலக்காட்சி ஓவியர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தை மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள். நமக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் அடுக்கு நிழலாக இருக்கும். நடு அடுக்கில் வெயில் விழும். தூரத்து அடுக்கு நீலமாக, மங்கலாக, மலையாக முடியும். ஒரு பக்கத்தில் பெரிய மரம் ஒன்று, கதவு நிலை மாதிரி நிற்கும். முன்னால் நிழல் இல்லாவிட்டால் நடுவில் இருக்கிற வெயில் வெயிலாகத் தெரியாது. ஓவியர் நம்மை வேண்டுமென்றே நிழலில் நிற்க வைத்து, வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்கிறார்.

இந்த இடத்தில் நான் கவனமாகப் பேச வேண்டும். "அப்படித்தான் கடவுளும் உங்களுக்கு நோயையும் கடனையும் கொடுத்து, பின்னால் வருகிற வெளிச்சம் அழகாகத் தெரியட்டும் என்று பார்க்கிறார்" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். நானும் இளம் குருவாக இருந்தபோது அப்படிப் பேசியிருக்கிறேன். அது சரியில்லை. அந்தப் பெரியவர் இரவெல்லாம் இருமியது ஒரு படத்துக்கு அழகு சேர்க்க இல்லை. தந்தையாகிய கடவுள் தம் பிள்ளைகளின் நுரையீரலில் நிழல் தீட்டுகிறவர் அல்ல. நம் விசுவாசம் வேறொன்றைச் சொல்கிறது. நாம் நிழலில் நிற்கும்போது, கடவுளின் மகன் வெளிச்சத்திலிருந்து இறங்கி நம் பக்கம் வந்து நின்றார். ஒலிவ மலையில், மரங்களுக்கு நடுவே, இரவு நேரத்தில் அவர் முகங்குப்புற விழுந்து செபித்தார். சீடர்கள் தூங்கிவிட்டார்கள். அந்தத் தோப்பின் இருட்டு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பாதையை முதலில் நடந்தவர் அவர். ஆகையால் அந்தப் பாதை திரும்புகிற இடத்தில் நமக்குத் தெரியாத யாரோ காத்திருக்கவில்லை.

இரண்டாவது, வெளிச்சம் எங்கே இருக்கிறது. மூன்றாவது, மனிதர் எவ்வளவு பெரியவர். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு பழைய படத்தைச் சொல்கிறேன். ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர் 1510-இல் வரைந்தது. இன்று மியூனிக் நகர் ஓவியக் கூடத்தில் இருக்கிறது. தோல்தாளில் வரைந்து மரப்பலகையில் ஒட்டிய படம். உயரம் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர், அகலம் 22. ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான்.

அதில் இருப்பது புனித ஜார்ஜியார். புனித ஜார்ஜியார் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? குதிரை முன்னங்காலைத் தூக்கியிருக்கும், ஈட்டி பறவைநாகத்தின் வாயில் பாய்ந்திருக்கும், புனிதர் நடுவில் பெரிதாக இருப்பார். ஆல்ட்டோர்ஃபர் படத்தில் அப்படி இல்லை. படம் முழுவதும் இலை, இலை, இலைதான். ஆயிரக்கணக்கான இலைகளைச் சின்னச் சின்னத் தூரிகைக் கோடுகளாகப் போட்டிருக்கிறார். வானத்துக்குக்கூட இடமில்லை. கீழே, காட்டின் அடியில், வெள்ளைக் குதிரையில் சின்னதாக ஜார்ஜியார். எதிரே தேரை மாதிரி ஒரு நாகம். இன்னும் சண்டை தொடங்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவசரமாகப் பார்க்கிறவருக்குப் புனிதர் இருப்பதே தெரியாது. படத்தின் கீழே வலது ஓரத்தில் மட்டும் இலைகள் கொஞ்சம் விலகி, ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளி வழியாகத் தூரத்தில் மலையும் வெளிச்சமும்.

ஏன் இப்படி வரைந்தார் என்று அவரிடம் கேட்க முடியாது. நான் அந்தப் படத்தின் அச்சுப் பிரதியைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நம்மில் பலருடைய போராட்டம் இப்படித்தான் நடக்கிறது. குடிக்கிற பிள்ளையைத் திருத்தப் போராடுகிற அம்மாவைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை. பொய்க் கணக்கு எழுத மாட்டேன் என்று வேலையை விட்டவருக்கு யாரும் சுரூபம் வைப்பதில்லை. பெரிய காட்டுக்குள் சின்ன ஆளாக நின்று, யாரும் பார்க்காத இடத்தில் நாகத்தை எதிர்கொள்கிறார்கள். வெளிச்சமும் படத்தை நிறைத்துக்கொண்டு வருவதில்லை. ஒரு ஓரத்தில், சாவி ஓட்டை அளவில் இருக்கிறது. ஆனால் காட்டுக்கு முடிவு உண்டு என்று சொல்ல அது போதும்.

இனி, அந்தச் சின்ன ஆளிடம் ஆண்டவர் ஒப்படைத்த பொறுப்பைப் பற்றியும் பேச வேண்டும். ஏனென்றால் காடு வெறும் படம் இல்லை.

தொடக்கநூல் இரண்டாம் அதிகாரத்தில், ஆண்டவர் மனிதரைத் தோட்டத்தில் குடியமர்த்துவது அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும்தான். டேனியல்கள் வரைந்த ஆத்தூர்ப் பக்கம் இன்று என்ன இருக்கிறது? காமராசர் நீர்த்தேக்கம். கீழ்ப்பழனி மலையிலிருந்து வருகிற ஓடைகள் அங்கே சேர்கின்றன. திண்டுக்கல் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற இடங்களில் அது முக்கியமானது. அதாவது, அந்த ஓவியத்தின் மூன்றாவது அடுக்காகிய நீல மலையிலிருந்து வருகிற தண்ணீரைத்தான் முதல் அடுக்கில் நிற்கிற நாம் குடத்தில் பிடிக்கிறோம். மலையில் மரம் குறைந்தால் சமவெளியில் குழாய் காய்கிறது.

நாம் கொடைக்கானல் போனால் பைன் மரக் காட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம். வரிசையாக, நேராக, தூண் மாதிரி மரங்கள், நடுவில் வெளிச்சம். படத்துக்கு நன்றாக இருக்கிறது. நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் பைன் பழனி மலையின் மரம் இல்லை, கொண்டுவந்து நட்டது. அதன் அடியில் ஊசிச் சருகு மெத்தையாகக் கிடக்கிறது. மற்றச் செடிகள் அதிகம் வளர்வதில்லை. பழனி மலையின் சொந்தக் காடு சோலைக்காடு. குட்டையான, முறுக்கிய மரங்கள், பாசி, பெரணி, கொடி, ஈரம். போட்டோ எடுக்க அவ்வளவு வசதிப்படாது. ஆனால் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுவது அந்தச் சோலையும் அதை ஒட்டிய புல்வெளியும்தான். முதல் பார்வையில் அழகாகத் தெரிவது ஒன்று, இரண்டாம் பார்வையில் உயிர் கொடுப்பதாகத் தெரிவது இன்னொன்று.

இந்த இரண்டாம் பார்வையோடு வாழ்ந்த ஒரு குருவானவர் நம் மலையிலேயே இருந்தார். செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியில் வாழ்ந்த பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு, தந்தை லூயி ஆங்லாத். பழனி மலையின் செடிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போய், இலை, பூ, காய் என்று நீர்வண்ணத்தில் வரைந்தார். அங்குள்ள இயற்கை வரலாற்று நிறுவனம் இன்றும் அவருடைய பெயரைத் தாங்கியிருக்கிறது. நமக்குக் காடு என்றால் ஒரே பச்சை. அவருக்கு ஒவ்வொரு செடிக்கும் ஒரு முகம் இருந்தது. செபமாலையை உருட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில் இதைப் பற்றிப் பேசுகிறார். அழகான ஒன்றின் முன்னால் சற்று நின்று வியக்கக் கற்றுக்கொள்ளாத மனிதர், எல்லாவற்றையும் பயன்படுத்தித் தூக்கி எறிகிற பொருளாகவே நடத்துவார் என்பது அவருடைய எச்சரிக்கை. மரத்துக்கு மட்டுமா இது பொருந்தும்? படுத்துவிட்ட அப்பாவுக்கும் பொருந்தும். வேலைக்கு உதவாதவர் என்று நாம் ஒதுக்கி வைக்கிற ஒவ்வொருவருக்கும் பொருந்தும்.

இப்போது பெத்சாய்தாவுக்குத் திரும்புவோம். அந்த மனிதருக்கு முதல் தடவை பார்வை வந்தது. ஆனால் மனிதர்களே மரமாகத்தான் தெரிந்தார்கள். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. கட்டிலில் ஒரு நோயாளி, சுவரில் ஒரு சீனரி என்றுதான் பார்த்தேன். நன்மை கொடுத்தோம், அடுத்த வீட்டுக்குப் போவோம் என்ற அவசரம் வேறு. அந்தப் பெரியவர் என்னை உட்கார வைத்துத் தலையைத் தாழ்த்த வைத்தபோது, ஆண்டவருடைய கை இரண்டாம் தடவை என் கண்ணில் பட்டது என்றே சொல்வேன். அவர் செபிக்காமல் படம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் நினைத்தேன். அவர் பார்த்ததுதான் அவருடைய செபம்.

சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு நாள் விடியற்காலையில் அவர் இறந்தார். நோயில்பூசுதல் பெற்றிருந்தார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து வீட்டுக்குப் போனேன். உள்ளறையில் கட்டில் இல்லை. காட்டுப் படம் அதே ஆணியில் இருந்தது. அதன் பக்கத்தில், பாதை மறைந்து வெளிச்சம் வருகிற வலது பக்கத்தில், திரு இருதய ஆண்டவர் படத்தை அந்த அம்மா கொண்டுவந்து மாட்டியிருந்தார். "ரெண்டும் சேந்தே இருக்கட்டும் சாமி, அந்த வழியாத்தான போயிருக்காரு" என்றார். அத்தனை ஆண்டு இறையியல் படித்த எனக்கு, அதைவிட நன்றாக அந்தச் சுவரை அமைக்கத் தெரிந்திருக்காது.

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டு வாசலில் நிற்கிற வேப்பமரமோ, பேருந்தில் போகும்போது தெரிகிற சிறுமலையோ, ஏதாவது ஒன்றை ஐந்து நிமிடம் பாருங்கள். பார்த்து முடித்தோம் என்று நினைக்கும்போது, இன்னும் ஒரு தடவை பாருங்கள். அதே மாதிரி உங்கள் வீட்டில் நீங்கள் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன ஒருவரை, அவருடைய பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய உயரத்துக்குத் தாழ்ந்து, இன்னும் ஒரு தடவை பாருங்கள்.

செபிப்போம். ஆண்டவரே, மனிதரை மரமாகவும், காட்டை விறகாகவும் பார்க்கிற எங்கள் கண்களில் மறுபடியும் உம்முடைய கைகளை வையும். எங்களுக்குத் தண்ணீர் தருகிற மலைகளைக் காக்கிற மனத்தைத் தாரும். நோயிலும் தனிமையிலும் நிழலில் கிடப்பவர்களுக்கு, அந்தச் சிறு வெளிச்சம் மறையாமல் இருக்கச் செய்யும். எங்களுக்கு முன் அந்தப் பாதையில் போனவர்களை உம் ஒளியில் சேர்த்துக்கொள்ளும். ஆமென்.

இறைவனின் ஆசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.